கணக்கைக் காக்கும் பெட்டி: காரியாலயச் சேமிப்புச் சர்வரைப் பேணும் முறை

சங்கக் காரியாலயத்தில் ரொக்கம் வைக்கும் இரும்புப் பெட்டியை எவ்வளவு எச்சரிக்கையோடு காத்து வருகிறோம் என்பதை நிர்வாகிகள் அறிவர். அதன் சாவிகள் ஒருவர் கையிலேயே இருப்பதில்லை. நாள் முடிவில் இருப்பை எண்ணி, ரொக்க ஏட்டோடு ஒப்பிட்டு, ஒப்பமிட்ட பின்னரே பெட்டி பூட்டப்படுகிறது. எண்ணாத பணத்தை இருப்பாகக் காட்டத் துணியும் குமாஸ்தா எச்சங்கத்திலும் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பணம் யாருக்கு எவ்வளவு உரியது என்று சொல்லும் கணக்கு இன்று எங்கே இருக்கிறது? பல காரியாலயங்களில் அது மேசைக்கு அடியிலோ அலமாரியின் மூலையிலோ சிறு விளக்குகள் மினுக்கிக் கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அதனை எண்ணிப் பார்ப்பவர் உண்டா என்பதே இம்மாதப் பாடத்தின் கேள்வி.

ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூர் செல்லும் வழியில் உள்ள திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. நம் நாட்டுக் கூட்டுறவு வரலாறு தொடங்கிய ஊர்களுள் அதுவும் ஒன்று. அக்காலம் முதல் சங்கத்தின் உயிர்நாடி பேரேடுகளில் இருந்தது. காகிதத்தைக் கரையான் அரித்தால் அது கண்ணுக்குத் தெரியும். ஓர் ஏடு கெட்டாலும் மற்ற ஏடுகள் எஞ்சும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஏற்றது. முதலில் 63,000 சங்கங்களுக்காக வகுக்கப்பட்ட அத்திட்டத்தால் கடன் கணக்குகள் பொது மென்பொருளில் ஏறுகின்றன. ஆயினும் தீர்மானங்களின் பிரதி, அங்கத்தினரின் அடையாளச் சான்றுகள், கூலிப் பட்டியல், நூல் இருப்பு, ஜக்கார்டு டிசைன்கள், விவசாயிகளுக்குக் கொடுத்த விதை உரக் கணக்கு, வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவை பெரும்பாலும் காரியாலயத்திலேயே தங்குகின்றன. அவற்றுக்குப் பொறுப்பு நாமே.

1. பெட்டியும் அதன் உறுப்புகளும்

'நாஸ்' என்று கடைக்காரர் சொல்லும் இச்சேமிப்புச் சர்வர், உண்மையில் ஒரு சிறு கணினியே. அதற்குத் திரையும் இல்லை, தட்டச்சுப் பலகையும் இல்லை. இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்குகளும், ஒரு காற்றாடியும், வலைப்பின்னல் கம்பி செருகும் துளையும் அதில் உண்டு. காரியாலயக் கணினிகள் யாவும் ஸ்விட்ச் வழியாக இதனோடு இணைந்து, ஒரே கோப்பறையைப் பொதுவாக ஆள்கின்றன. கூலிப் பிரிவில் எழுதியதை விற்பனைப் பிரிவில் உடனே படிக்கலாம்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில் 50 பெரிய தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் 4 டெராபைட் வட்டு அதைப்போல ஏறத்தாழ எட்டு இலட்சம் மடங்கு கொள்ளும். இவ்வளவும் ஒரே கைக்குள் அடங்குமாயின், இவ்வளவும் ஒரே கைதவறலில் போகவும் கூடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். 200 தறிகள் கொண்ட ஒரு நெசவாளர் சங்கத்தில், கூலி கொடுக்கும் நாளுக்கு முந்திய மாலையில் பெட்டி நின்றுவிடுகிறது. யார் எத்தனை சேலை கொடுத்தார், யாரிடம் எவ்வளவு நூல் நிற்கிறது, யாருக்கு முன்பணம் கழிக்க வேண்டும் என்று எவராலும் சொல்ல இயலாது. நினைவிலிருந்து கொடுத்தால் சங்கத்துக்கு நட்டம். கொடுக்காவிடில் 200 வீடுகளில் அடுப்பு எரியாது. பெட்டியின் விலையைக் கொண்டு இந்த நட்டத்தை அளக்க முடியாது.

2. கண்ணாடிப் பிரதி காப்புப் பிரதி ஆகாது

இரண்டு வட்டுகள் உள்ள பெட்டியை வாங்கும்போது, ஒரு வட்டில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும் என்று கடைக்காரர் சொல்வார். 'ரெய்டு' எனப்படும் இம்முறையை 1988இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் தம் ஆய்வுக் கட்டுரையில் வகைப்படுத்தினர். ஒரு வட்டு பழுதானால் மற்ற வட்டைக் கொண்டு வேலை தடையின்றி நடக்கும். இது பெரிய நன்மையே.

ஆனால் இதனைக் காப்புப் பிரதி என்று கொள்வது பெரும் பிழை. குமாஸ்தா ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிவும் அதே நொடியில் இரண்டு வட்டுகளிலும் எழுதப்படும். கணினிக் கிருமி கோப்புகளைக் குலைத்தால் இரண்டிலும் குலையும். பெட்டி திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். வெள்ளம் ஒரு வட்டை மட்டும் நனைத்து மற்றதை விட்டுவைப்பதில்லை. ரெய்டு காப்பது வேலையின் தொடர்ச்சியை மட்டுமே. கணக்கைக் காப்பது, பெட்டிக்கு வெளியே தனித்து நிற்கும் பிரதி. இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் இப்பாடத்தில் பாதியைக் கற்றவராவார்.

3. வைக்கும் இடம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் இருப்போருக்கு வெள்ளம் புதிதன்று. 2015 டிசம்பர் மாதப் பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீர் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டார்கள். 2023இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் நீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. ஆகவே பெட்டியைத் தரையிலோ, மேசைக்கு அடியிலோ வைத்தல் கூடவே கூடாது. மாடி இருக்குமாயின் மாடியில் வைக்கலாம். இல்லையெனில் சென்ற வெள்ளத்தின் நீர்க்கறை சுவரில் எங்கு நிற்கிறதோ, அதற்கு மிக உயரத்தில் உறுதியான தட்டு அடித்து வைக்க வேண்டும். யு.பி.எஸ்., ரவுட்டர், ஸ்விட்ச், மின்பலகை ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். பெட்டி உயரத்திலும் அதற்கு மின்சாரம் தரும் பலகை தரையிலும் இருந்தால் பயன் இல்லை.

வெப்பமும் கருதத்தக்கது. இத்தகைய சிறு பெட்டிகளுள் பல, சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி வரை இருக்கும் அறைக்கென அமைக்கப்பட்டவை. 2003 மே மாத இறுதியில் சென்னையில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. தகரக் கூரையின் கீழ் இதைவிட மிகும். மேற்குச் சுவர் ஓரத்தையும், காற்றோட்டமில்லாத பூட்டிய அலமாரியையும் தவிர்க்க வேண்டும். பெட்டியின் நாற்புறமும் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று உலவும். குளிர்சாதனக் கருவிக்கு நேர் கீழே வைத்தால் நீர் சொட்டும், அதுவும் ஆகாது.

நெசவாளர் சங்கங்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. நூல் கிடங்கிலும் பாவு ஓடும் கூடத்திலும் பறக்கும் பஞ்சுத்தூசி காற்றாடியில் படிந்து, சில மாதங்களில் கம்பளிபோல் அடைத்துவிடும். விவசாயிகள் சங்கத்தில் உரக் கிடங்கின் ஆவியும் ஈரமும் செம்பு இணைப்புகளை அரிக்கும். பெட்டிக்கு உரிய இடம் காரியாலய அறையே, கிடங்கு அன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியை எடுத்த பின், மென்மையான தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். ஊதுகருவியைப் பயன்படுத்தினால் காற்றாடி வேகமாகச் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி கொண்டு துடைக்கலாகாது.

4. மின்சாரம்

வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுபட்டால், பாதி எழுதிய கோப்பு கெடுவதோடு, கோப்புகளின் அட்டவணையே குலைவதும் உண்டு. ஆதலின் யு.பி.எஸ். இன்றிப் பெட்டியை இயக்குதல் தகாது. ஆனால் யு.பி.எஸ். வாங்கி வைத்தால் மட்டும் போதாது. பெரும்பாலான யு.பி.எஸ். கருவிகளில் ஒரு யு.எஸ்.பி. கம்பி இணைப்பு உண்டு. அதனைச் சேமிப்புப் பெட்டியில் செருகி, 'மின்சாரம் நின்ற ஐந்து நிமிடத்தில் தானாக முறைப்படி நிற்க' என்று அமைத்துவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் நிறுத்துவதற்கு ஆள் இருக்கமாட்டார் அல்லவா?

யு.பி.எஸ். மின்கலம் நம் வெயிலில் விரைவில் தளரும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கணிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேலை முடிந்த பின், காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். பெட்டி தானாக நின்றால் நன்று. மின்கலம் உப்பியிருந்தால் அன்றே மாற்ற வேண்டும். நிலக்கம்பி சரியாக இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ஆண்டுதோறும் சோதித்தல் நலம். இடி மின்னல் காலத்தில் தீங்கு மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரக்கூடும்.

5. வட்டுகளின் உடல்நிலை

வட்டு என்பது தேயும் பொருள். தறியில் அச்சும் விழுதும் தேய்வதுபோல் இதுவும் தேயும். வட்டுகள் தம் நலத்தைத் தாமே குறித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு உண்டு. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் அதனைக் காணலாம். இலட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளைக் கண்காணித்து கூகுள் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முடிவுகள் நமக்குப் பயனுள்ளவை. முதலாவது: சோதனையில் முதல் வாசிப்புப் பிழை காட்டிய வட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாத வட்டைவிட 39 மடங்கு அதிகம். இரண்டாவது: பழுதான வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான முன்னறிவிப்புகளுள் எதையுமே காட்டவில்லை.

இவற்றால் அறிவது யாது? எச்சரிக்கை வந்தால் தாமதமின்றி வட்டை மாற்ற வேண்டும். எச்சரிக்கை வராததைக் கண்டு நிம்மதி கொள்ளவும் கூடாது. மாதம் ஒருமுறை முழுச் சோதனையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டு முழுவதையும் படித்து ஒப்பிடும் சோதனையும் இரவில் தானாக நடக்கும்படி அமைக்கலாம். பிழை கண்டால் காரியதரிசியின் கைப்பேசிக்குச் செய்தி போகுமாறு அமைப்பது அவசியம். பெட்டி பீப் ஒலி எழுப்பினால் அதனை நிறுத்தும் பொத்தானைத் தேடாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

வட்டு வாங்கும்போது இரண்டையும் ஒரே நாளில் ஒரே தொகுதியிலிருந்து எடுப்பதைத் தவிர்க்கலாம்; உடன்பிறந்தவை உடன்சாகவும் கூடும். சேமிப்புப் பெட்டிக்கு ஏற்ற 'சி.எம்.ஆர்.' வகையா என்று கேட்டு, பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும், அது எத்தனையாவது அறையில் இருக்கிறது என்பதையும் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுவது சிறு வேலை. பழுதான வட்டை எடுப்பதாக எண்ணி நல்ல வட்டை உருவிவிடும் விபத்தை அது தடுக்கும். புது வட்டு இட்ட பின் பழைய செய்தி அதில் படிய நேரமாகும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட் வட்டு நிரம்ப ஏறத்தாழ ஏழரை மணி நேரமாகும். அந்நேரம் முழுவதும் எஞ்சிய ஒரு வட்டே சங்கத்தின் ஆதாரமாக நிற்கிறது. ஆகையால் வட்டு மாற்றுமுன் காப்புப் பிரதி எடுத்தல் மாறா விதி.

6. மூன்று, இரண்டு, ஒன்று

காப்புப் பிரதிக்கு உலகெங்கும் வழங்கும் சூத்திரம் எளியது. எந்தக் கணக்கும் மூன்று படிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள மூலம் ஒரு படி. வெளியில் செருகி எடுக்கும் வட்டு இரண்டாவது. ஊருக்கு வெளியே அல்லது மேகச் சேமிப்பில் இருப்பது மூன்றாவது.

பெரிய ஸ்தாபனங்களும் இதை மறந்து இடருற்றன. பிரான்ஸ் நாட்டின் ஸ்டிராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10ஆம் நாள் ஒரு பெரிய தரவு மையம் எரிந்தபோது, காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். தென்கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள், யு.பி.எஸ். மின்கலங்களில் தொடங்கிய தீ அரசின் தரவு மையத்தைத் தாக்கியது. அரசு அலுவலர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த சர்வரில் 858 டெராபைட் செய்தி அழிந்தது. அளவு மிகப் பெரிது என்று அதற்கு வெளிப் பிரதி வைக்கப்படவில்லை. ஓர் அரசாங்கத்துக்கு நேர்ந்தது ஒரு சங்கத்துக்கு நேராது என்று எவர் சொல்ல முடியும்? நமக்கோ அளவு பெரிது என்ற சாக்கும் இல்லை.

சிறு சங்கத்துக்கு ஏற்ற முறையைக் கூறுவோம். 'அ', 'ஆ' என்று பெயரிட்ட இரண்டு வெளி வட்டுகளை வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை 'அ' வட்டில் பிரதி எடுத்து, உடனே கழற்றி, மறுநாள் வெளியிடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து 'ஆ'வைக் கொண்டு வர வேண்டும். அடுத்த வாரம் மாறி நடக்கும். வட்டைச் செருகியபடியே விட்டால் கிருமி அதனையும் பற்றும். கழற்றுவதே அதன் காவல். வெளியிடம் என்பது அடுத்த தெரு அன்று. அம்பத்தூர்க் காரியாலயத்தின் பிரதியை அதே ஏரிநீர் புகும் பக்கத்துக் கட்டடத்தில் வைத்தால் பயன் என்ன? மேட்டு நிலத்தில் உள்ள கிளையோ, வங்கியின் பாதுகாப்பறையோ தகும். வட்டில் அங்கத்தினரின் ஆதார், வங்கி விவரங்கள் இருப்பதால் அது மறைகுறியாக்கம் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களைக் காக்கும் கடமையை அவற்றைக் கையாள்வோர் மீது வைத்துள்ளது.

மேகச் சேமிப்பை நாடுவோர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 200 ஜிகாபைட் செல்ல ஏறத்தாழ 22 மணி நேரமாகும். முதல் முறை மட்டுமே இவ்வளவு. பின்னர் மாறியவை மட்டும் செல்லும்.

7. மீட்டுப் பார்த்தலே இருப்புச் சரிபார்ப்பு

பிரதி எடுக்கும் சங்கங்கள் பல. எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பவை சில. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பெட்டி காட்டும் செய்தி, ரொக்கப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுக்குச் சமம். உள்ளே இருப்பதை எண்ணினாலன்றி அது இருப்பு ஆகாது.

மாதந்தோறும் ஒரு நாள் குறித்து, ஒரு டைரக்டர் முன்னிலையில், சீட்டுக் குலுக்கி மூன்று கோப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூலிப் பட்டியல் ஒன்று, தீர்மானம் ஒன்று, டிசைன் ஒன்று எனலாம். அவற்றைச் சேமிப்புப் பெட்டியைத் தொடாமல், வெளி வட்டிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, அச்சிட்ட ஏட்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும். எடுத்த நேரம், முடித்த நேரம், கண்ட குறை ஆகியவற்றை எழுதி இருவர் ஒப்பமிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியே இல்லை என்று பாவித்து முழுக் கணக்கையும் மீட்டுப் பார்ப்பது சிறப்பு. அப்போதுதான் மீட்க இரண்டு மணி ஆகுமா, இரண்டு நாள் ஆகுமா என்பது தெரியவரும். கூலி நாளுக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அதுவே.

8. பூட்டும் சாவியும்

2021 ஜூன் மாதத்தில் 'மை புக் லைவ்' என்ற சிறு சேமிப்புப் பெட்டியை வைத்திருந்த உலகெங்குமுள்ள பலர், ஒரு நாள் காலையில் தம் பெட்டி வெறுமையாக இருக்கக் கண்டனர். 2015க்குப் பின் திருத்தம் வராத பெட்டிகள் அவை. இன்டர்நெட் வழியே எவரோ புகுந்து யாவற்றையும் துடைத்துவிட்டனர். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற கொள்ளை நிரல், இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைப் பூட்டி, சாவிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. 2024 ஜூலை 31ஆம் நாள் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளித்த ஒரு நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு ஆளாகவே, ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. கொள்ளைக்காரன் சிறியவரென்று எவரையும் விடுவதில்லை.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவது, பெட்டியை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்தல் கூடாது. ரவுட்டரில் அதற்கெனத் துளை விடப்பட்டிருந்தால் மூட வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்க நேர்ந்தால் வி.பி.என். வழியை ஏற்படுத்தலாம்.

இரண்டாவது, தயாரிப்பாளர் அனுப்பும் மென்பொருள் திருத்தங்களை மாதந்தோறும் ஏற்ற வேண்டும். திருத்தம் வருவது நின்றுபோன பெட்டி, இயங்கினாலும் ஓய்வுக்கு உரியதே. 2017 மே மாதத்தில் 'வானாக்ரை' கிருமி பரவுவதற்கு வழி தந்தது 'எஸ்.எம்.பி.' என்ற கோப்புப் பகிர்வு முறையின் பழைய முதற்பதிப்பு. அதனைப் பெட்டியிலும் கணினிகளிலும் அடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, 'அட்மின்' என்ற பொதுப்பெயரை முடக்கி, ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் தனிக் கடவுச்சொல்லும் தர வேண்டும். கூலி எழுதுபவர் கூலிக் கோப்பை மட்டும் திருத்தட்டும். தணிக்கையாளர் படிக்க மட்டும் செய்யட்டும். வேலையை விட்டு நீங்கியவரின் பெயரை அன்றே நீக்க வேண்டும். நிர்வாகிக் கணக்குக்குக் கைப்பேசி வழியான இரண்டாம் சரிபார்ப்பையும் சேர்த்தல் வேண்டும்.

நான்காவது, நிர்வாகிக் கடவுச்சொல்லையும், மறைகுறியாக்கத்தின் திறவுகோலையும் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து, இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒருவர் நினைவில் மட்டும் இருக்கும் கடவுச்சொல், அவர் நோயுற்ற நாளில் சங்கத்தை வெளியே நிறுத்திவிடும்.

ஐந்தாவது, நாள்தோறும் பெட்டி தானே எடுத்துவைக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதி இருப்பின் அதனை இயக்கி வைக்க வேண்டும். நேற்றைய நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் அதுவும் பெட்டிக்குள் இருப்பதே என்பதை மறவாதீர்கள்.

9. இடர் நேர்ந்தால்

கோப்புகளின் பெயர் மாறியோ, பணம் கேட்கும் சீட்டுடனோ தோன்றினால், முதலில் வலைப்பின்னல் கம்பியை உருவ வேண்டும். எதையும் அழிக்கவோ புதிதாக அமைக்கவோ கூடாது. வெளி வட்டைச் செருகிப் பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். கண்ட நேரத்தைக் குறித்து, 'செர்ட்–இன்' எனப்படும் மத்திய அரசின் கணினி அவசரகாலக் குழுவுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறந்த கட்டளை. பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம்.

பெட்டி நீரில் மூழ்கியிருந்தால் மின்சாரம் கொடுக்கலாகாது; வட்டைத் திறக்கவோ வெயிலில் காயவைக்கவோ கூடாது. வட்டு மீட்கும் தொழிலறிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டு வட்டுகளும் பழுதென்று பெட்டி காட்டி, 'புதிதாக அமைக்கலாமா?' என்று கேட்டால், 'ஆம்' என்ற பொத்தானை அழுத்துமுன் கையை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு சொல் எஞ்சியதையும் துடைத்துவிடும். காப்புப் பிரதி உள்ள சங்கத்துக்கு அவசரம் இல்லை, அமைதியாக மீட்கலாம்.

கழித்த வட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போடுதல் அங்கத்தினரின் அந்தரங்கத்தைத் தெருவில் போடுவதற்குச் சமம். முழுதும் அழித்தோ, துளையிட்டோ, பதிவு பெற்ற மின்கழிவு நிலையத்தில் ரசீதுடன் ஒப்படைப்பதே முறை.

10. கடமைப் பட்டியல்

நாள்தோறும்: விளக்குகளைப் பார்த்தல், எச்சரிக்கைச் செய்தி உண்டா எனக் காணுதல்.
வாரந்தோறும்: வெளி வட்டில் பிரதி எடுத்துக் கழற்றி, இடம் மாற்றுதல்.
மாதந்தோறும்: மூன்று கோப்புகளை மீட்டுப் பார்த்தல், மென்பொருள் திருத்தம், வட்டுச் சோதனையின் முடிவைப் படித்தல்.
மூன்று மாதத்துக்கு: தூசி நீக்குதல், வட்டு முழுவதையும் ஒப்பிடும் சோதனை, பயனர் பட்டியலைச் சரிபார்த்தல்.
ஆறு மாதத்துக்கு: யு.பி.எஸ். சோதனை.
செப்டம்பர் இறுதியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்: பெட்டி, பலகை, கம்பிகளின் உயரத்தைப் பார்த்தல், வெளியிடப் பிரதியைப் புதுப்பித்தல்.
ஆண்டுதோறும்: முழுமையாக மீட்டுப் பார்த்தல், நிலக்கம்பிச் சோதனை, நான்கு ஐந்து ஆண்டு ஓடிய வட்டுகளை மாற்ற வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்குதல்.

இவற்றுக்கு ஒருவர் பெயரும், அவர் இல்லாத நாளுக்கு மற்றொருவர் பெயரும் நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் இடம்பெற வேண்டும். எல்லோருடைய வேலை என்று விட்டது எவருடைய வேலையும் ஆகாது. செலவைப் பார்த்தால் இரண்டு வெளி வட்டுகளும், ஒரு குறிப்பேடும், மாதத்தில் அரை நாளுமே. சங்கத்தின் நேர்மைக்குச் சாட்சியாக நிற்பது கணக்கு. நெசவாளியும் உழவரும் தம் கைவேலையைக் கொடுத்துவிட்டு அந்த எழுத்தை நம்பிப் போகின்றனர். அந்த எழுத்தை நாளைக்கும் எடுத்துக் காட்டக்கூடியதாக வைத்திருப்பது நம் கடன்.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டு வட்டுகளில் ஒரே செய்தி எழுதப்பட்டாலும் அது காப்புப் பிரதி ஆகாது. ஏன்?
2. உங்கள் காரியாலயத்தில் சென்ற வெள்ளத்தின் நீர் எவ்வளவு உயரம் வந்தது? பெட்டியும் மின்பலகையும் அதற்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளன?
3. இன்று மாலை பெட்டி களவு போனால், கூலிப் பட்டியலை எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் மீட்பீர்கள்?
4. கடைசியாக மீட்டுப் பார்த்த நாள் எது? அதில் ஒப்பமிட்டவர் இருவர் யாவர்?